அன்பரசு நலமா?

கோட்டிங்கன், ஜெர்மனி
21 ஜனவரி 2018

அன்புள்ள அண்ணிக்கு,

சுகன்யா எழுதுகிறேன். நானும் அன்பரசுவும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, அம்மா, அப்பா, அண்ணன் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மனம் அடித்துக்கொள்கிறது.

பொங்கலன்று உங்கள் பக்கத்து வீட்டுச் சித்ரா அக்காவின் போனில் உங்கள் குரலைக் கேட்டதும் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து வேலூர் வீட்டுக் குரல் ஒன்றைக் கேட்டது அன்றுதான். உங்கள் போனை அண்ணன் தினமும் வாங்கிப் பார்க்கிறார் என்றும், நீங்கள் வேலை பார்க்கும் அங்கன்வாடி விலாசத்துக்குக் கடிதம் போட்டால் உங்கள் கைக்கே வரும் என்றும் சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் காகிதம். பேனா பிடித்து நாளாயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன வேலை என்று கேட்டீர்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சீரிஸ் என்று ஒன்று சூரியனைச் சுற்றுகிறது. கோள் என்று சொல்லும் அளவுக்குப் பெரியதில்லை என்பதால் குறுங்கோள் என்பார்கள். டான் என்ற விண்கலம் அதைச் சுற்றி வந்து தரையைப் படம் எடுக்கிறது. கேமரா இங்கே செய்தது. வரும் படங்களைத் திருத்தி, ஓரத்தோடு ஓரம் பொருத்தி வரைபடமாக்குவது எங்கள் குழுவின் வேலை. அங்குள்ள பள்ளங்களுக்கெல்லாம் பல நாட்டு விவசாயத் தெய்வங்களின் பெயரும் அறுவடைத் திருநாள்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். குழிகள் வரிசையாக ஓடும் ஓரிடத்துக்குப் பொங்கல் என்றே பெயர். அன்பரசு அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்த வருடம் குக்கரில் பொங்கல் வைத்தார். அடி பிடித்துவிட்டது.

அவர் இங்கே ஒரு சைக்கிள் பட்டறையில் இருக்கிறார். என்னோடு சேலத்தில் இன்ஜினியரிங் படித்தவருக்கு இந்த வேலையா என்று நினைக்காதீர்கள். எனக்காக வந்த ஊரில் கிடைத்த வேலை. ஜெர்மன் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்.

போனில் நீங்கள் எல்லாவற்றையும் விசாரித்தீர்கள். குளிர், சாப்பாடு, என் தலைமுடி வரைக்கும். அவரை மட்டும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை அண்ணி. அந்த வீட்டில் அவர் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். போனை வைத்ததும் அவர், "என்னைக் கேட்டாங்களா?" என்றார். கேட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

இதோடு சீரிஸ் படம் ஒன்று வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுகன்யா


பரமத்தி வேலூர்
11 பிப்ரவரி 2018

அன்புள்ள சுகன்யாவுக்கு,

அண்ணி கோகிலவாணியின் ஆசிகள். இங்கே எல்லோரும் ஒருவாறு நலம். அத்தைக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. மாமா எப்போதும்போல் விடிந்ததும் கொடிக்காலுக்குப் போய்விடுகிறார். வெற்றிலை விலை பரவாயில்லை. உங்கண்ணனுக்கு வாழைத்தார் ஏற்றிவிடும் அலைச்சல்.

உன் கடிதத்தை அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கும்போது படித்தேன். படத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன். வீட்டில் சில்லறை எடுக்கப் போன அத்தை அதைப் பார்த்துவிட்டார்கள். கறுத்த தரையில் நடுவில் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறதே, இது என்ன என்று கேட்டார்கள். வானத்தில் ஒரு இடம் என்றேன். யார் எடுத்தது என்றார்கள். "உங்க மக ஒட்டிச் சேர்த்ததுங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். படத்தை முந்தானையில் துடைத்துப் பையில் வைத்தார்கள். சாயங்காலம் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது, "அங்க மழ பெய்யுமா?" என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. எழுது.

கேட்டார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டதாக நீ எழுதிய வரியைப் பல முறை படித்தேன். வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள் என்று சொல்லிச் சொல்லி, எங்கள் யாருக்கும் அவர் ஒரு மனுஷராகவே தெரியாமல் போய்விட்டது. நீ அவரிடம் சொன்னது பொய்யாக இருக்க வேண்டாம்.

தம்பி அன்பரசு நலமா? குளிரில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகச் சொல். ஊருக்கு வந்தால் அண்ணி கையால் சாப்பிடச் சொன்னதாகச் சொல். இதை அவரிடமே படித்துக் காட்டு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கோகிலவாணி


கோட்டிங்கன்
8 ஏப்ரல் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

சீரிஸில் மழை கிடையாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். காற்று என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்த வெள்ளை, உப்பு. தரைக்குக் கீழே இருந்த உப்புநீர் எப்போதோ மேலே வந்திருக்கிறது. நீர் போய்விட்டது. உப்பு தங்கிவிட்டது.

விண்கலத்தை இந்த மாதம் கீழே இறக்கத் தொடங்குகிறார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டு வருகிறது. தீர்வதற்குள் எவ்வளவு தாழ்வாகப் போக முடியுமோ அவ்வளவு தாழப் போய்ப் படம் எடுக்க வேண்டும். அதற்கான தயாரிப்பில் எல்லோரும் இருக்கிறோம். நான் சனி, ஞாயிறும் போகிறேன்.

பனி இப்போதுதான் உருகியது. அம்மாவின் காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

சுகன்யா


பரமத்தி வேலூர்
29 ஏப்ரல் 2018

அன்புள்ள சுகன்யாவுக்கு,

அண்ணி எழுதுவது. எல்லோரும் சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

உன் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. முதல் கடிதத்தில் நானும் அன்பரசுவும் என்று ஆரம்பித்தாய். இதில் நான் நலம் என்று மட்டும் இருக்கிறது. நான் அவரைக் கேட்டதற்குப் பதிலே இல்லை. இரண்டு பேருக்கும் ஏதாவது மனத்தாங்கலா அம்மிணி? இருந்தால் மறைக்காதே. எனக்கும் உங்கண்ணனுக்கும் பேச்சு நின்றுபோய், சோற்றுத் தட்டை அத்தை கையில் கொடுத்தனுப்பிய நாளெல்லாம் உண்டு. தானாகச் சரியாகும். நீ முதலில் பேசினால் குறைந்துபோய்விட மாட்டாய்.

இன்னொன்று சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று யோசித்தேன். உன் பெரியப்பா வீட்டு நிச்சயதார்த்தத்தில் உறவுக்காரர்கள் சிலர் உன் பேச்சை எடுத்தார்கள். மாமா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "அவ தனியா வந்தா வரட்டும். ஊட்டுக் கதவ நான் சாத்தல" என்றார். அத்தை அடுப்படியில் நின்றபடி கேட்டார்கள். அன்று முழுக்க அவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி.

தனியாக என்று சொன்னதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவர் வாயிலிருந்து உன் பேச்சு வந்ததே பெரிது என்பதால் எழுதினேன்.

தம்பி எப்படி இருக்கிறார் என்று அவசியம் எழுது.

கோகிலவாணி


கோட்டிங்கன்
8 ஜூலை 2018

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எல்லோருடைய நலமும் கேட்டேன் என்று சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும்.

சண்டை ஒன்றும் இல்லை அண்ணி.

விண்கலம் தாழ வந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை, தரைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் கடக்கிறது. இவ்வளவு கிட்டத்தில் இதை யாரும் பார்த்ததில்லை. நாமக்கல் லாரி ஒன்றை அங்கே நிறுத்தினால் புள்ளியாகத் தெரிந்துவிடும். ஆக்கேட்டர் என்ற பெரிய பள்ளத்தின் சரிவில் பாறைகள் உருண்டு வந்து நின்ற தடம் தெரிகிறது. உப்பு ஒரே சீராகப் படிந்திருக்கும் என்று நினைத்திருந்தோம். இல்லை. வெடிப்பு வெடிப்பாக, மேடும் பள்ளமுமாக, சில இடத்தில் கறுத்த மண்ணோடு கலந்து கிடக்கிறது. ஒரு படத்தைத் திறந்தால் மதியச் சாப்பாடு மறந்துபோகிறது. எங்கும் ஒருவரும் இல்லை. யாரும் வந்து ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று இருக்கிறது.

உங்களால் முடியுமா என்று தெரியாமல்தான் ஒன்று கேட்கிறேன். எருமப்பட்டியில் என் மாமனார் சின்னான், மாமியார் மயிலம்மாள் இருக்கிறார்கள். நான் போன் செய்தால் மாமா எடுத்து இரண்டு வார்த்தை பேசுகிறார். அத்தை பேசுவதில்லை. ஒருமுறை போய் அவர்களைப் பார்த்துவிட்டு வர முடியுமா? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காலனி. கொத்தனார் சின்னான் வீடு என்றால் காட்டுவார்கள். பஸ்ஸில் அரை நாளில் போய்வந்துவிடலாம். அண்ணனுக்குத் தெரியாமல் முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

அப்பா சொன்னதைப் படித்தேன்.

சுகன்யா


பரமத்தி வேலூர்
5 ஆகஸ்ட் 2018

என் சுகன்யாவுக்கு,

நலமா என்று எப்படிக் கேட்பேன் கண்ணு.

மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு இரண்டு கரையும் முட்டிப் போகிறது. கொடிக்காலில் தண்ணீர் ஏறிவிடுமோ என்று வீட்டில் எல்லோரும் அதே கவனமாக இருந்த நாளில், நாமக்கல்லில் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எருமப்பட்டி போனேன்.

வாசலில் நின்று, வேலூரிலிருந்து வருகிறேன், சுகன்யாவின் அண்ணி என்று சொன்னேன். உன் மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டிப் போட்டார். உட்கார்ந்த பிறகுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். உங்கள் கல்யாணப் படத்திலிருந்து தம்பியை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கி, மாலை போட்டிருந்தார்கள். அவர் தோளில் உன் கை மட்டும் இருந்தது.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. துக்கம் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதனால் எல்லாவற்றையும் அவர்களே சொன்னார்கள். பிப்ரவரிக் கடைசியில், உறைந்த ரோட்டில் சைக்கிள் சறுக்கி, தலையில் அடிபட்டு, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து போய்விட்டார் என்று. இவர்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் இல்லை. போனில்தான் முகத்தைப் பார்த்தார்களாம்.

உன்னோடு ஏன் பேசுவதில்லை என்று மயிலம்மாளிடம் கேட்டேன். உன்மேல் கோபமோ என்று பயந்துகொண்டே கேட்டேன். "கோவமெல்லாம் இல்லைங்க. அவ பேசினா, பொறவால அவன் நிக்கற மாதிரியே இருக்குது. இப்ப போன வாங்குவான், இப்ப வாங்குவான்னு காத்துக்கிட்டே இருக்கேன்" என்றார்கள். பிறகு எனக்குச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். ஊருக்குத் தம்பி வந்தால் என் கையால் சாப்பிடட்டும் என்று உனக்கு எழுதியவள், அவர் வீட்டில் அவர் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் முதன்முதலில் அவரைக் கேட்டு எழுதிய கடிதம் உன் கைக்கு எப்போது வந்தது சுகன்யா?

இங்கே யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

அண்ணி


கோட்டிங்கன்
26 ஆகஸ்ட் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போனதை எருமப்பட்டி அத்தையே போன் செய்து சொன்னார்கள். அத்தை பேசினார்கள் அண்ணி. "உன்ற அண்ணி வந்துட்டுப் போச்சு. நல்லாச் சாப்புட்டுச்சு" என்றார்கள். அதன் பிறகு இரண்டு பேரும் வெகுநேரம் போனை வைக்கவில்லை.

உங்கள் கடிதம் அவரைத் தகனம் செய்துவிட்டு வந்த அன்று தபால் பெட்டியில் கிடந்தது. காலணியைக்கூடக் கழற்றாமல் பிரித்தேன். அவரிடமே படித்துக் காட்டு என்று எழுதியிருந்தீர்கள். சத்தமாகப் படித்தேன்.

போலீஸ் வந்து சொன்னபோது நான் அலுவலகத்தில், இரண்டு படங்களின் நிழல் பொருந்தாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். ஒரே இடம்தான், வேறு வேறு நேரத்தில் எடுத்ததால் நிழல் வேறு பக்கம் விழுந்திருந்தது. அவர்கள் சொல்லி முடித்த பிறகும், இதைப் பொருத்திவிட்டு வருகிறேன் என்று சொன்னேனாம். கூட வேலை செய்யும் பெண் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். முதலில் என்னால் அந்த வார்த்தையை எழுத முடியவில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தபோது அப்பா சொன்னது வந்தது. தனியாக வந்தால் வரட்டும் என்று. அவர் அதைச் சொன்ன நாளில் நான் தனியாகத்தான் இருந்தேன் அண்ணி. அன்பரசு உயிரோடு இருந்தவரை சாத்தியிருந்த கதவு, அவர் போனதும் திறக்கிறது என்றால், அதன் வழியாக நான் எப்படி உள்ளே வருவேன்? அம்மா முகத்தில் தெளிச்சி என்று எழுதியிருந்தீர்கள். செய்தி தெரிந்தால் அந்தத் தெளிச்சி கூடுமோ என்று பயந்தேன். அதைப் பார்க்க என்னால் ஆகாது.

அஸ்தி என்னிடம்தான் இருக்கிறது. படங்கள் வந்து முடிந்ததும் கொண்டு வருவேன்.

சுகன்யா


பரமத்தி வேலூர்
23 செப்டம்பர் 2018

தங்கை சுகன்யாவுக்கு,

ஜெயபிரகாஷ் எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

கோகிலா எருமப்பட்டி பஸ்ஸில் இறங்கியதைப் பார்த்ததாக வாழைத்தார் ஏற்ற வரும் மயில்சாமி சொன்னார். கேட்டதில் விஷயம் தெரிந்தது. நடந்தது நடந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். உன்னை வரச் சொல்கிறார். பழையதை யாரும் பேச மாட்டார்கள். ஊரில் கேட்டால் மேல்படிப்புக்குப் போயிருந்தாள், முடித்துவிட்டு வந்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். உனக்கு வயது இருக்கிறது. படிப்பு இருக்கிறது. மேற்கொண்டு ஆக வேண்டியதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எருமப்பட்டித் தொடர்பு இனி வேண்டாம். டிக்கெட் போட்டதும் தகவல் சொல்.

ஜெயபிரகாஷ்


கோட்டிங்கன்
4 நவம்பர் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களை அண்ணன் என்ன சொன்னாரோ என்று தினமும் நினைக்கிறேன். நலமாக இருக்கிறீர்களா?

டான் விண்கலம் பேசுவதை நிறுத்திவிட்டது. போன புதன்கிழமை குறித்த நேரத்தில் அதன் சமிக்ஞை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எரிபொருள் தீர்ந்துவிட்டால் அதனால் பூமிப் பக்கம் திரும்ப முடியாது. கெட்டுப்போகவில்லை, விழவும் இல்லை. இன்னும் பல காலம் சீரிஸைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் எங்கள் அறையில் வயதான ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. மார்ச்சிலிருந்து வராதது. எல்லோரும் நான் விண்கலத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அதற்காகவும்தான் அழுதேன்.

டிசம்பரில் வருகிறேன். எருமப்பட்டிக்குப் போய், அங்கிருந்து மோகனூர் போய் அஸ்தியை ஆற்றில் கரைப்பதாக மாமா சொல்கிறார். அண்ணன் கடிதத்தில் அன்பரசுவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அண்ணனுக்கு நான் தனியாக எழுதப் போவதில்லை. இதை நீங்களே எல்லோர் முன்னிலையிலும் படித்துவிடுங்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

நான் மேல்படிப்புக்குப் போகவில்லை. அன்பரசு என் புருஷன். நான்கு வருடம் அவரோடு வாழ்ந்தேன். அதை யாரும் மறக்க வேண்டாம். அப்பா மோகனூருக்கு வந்தால், அன்று சாயங்காலமே நான் வேலூர் வீட்டுக்கு வருவேன். வராவிட்டால் வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை.

சுகன்யா


பரமத்தி வேலூர்
6 ஜனவரி 2019

அன்புள்ள சுகன்யாவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். அங்கே குளிர் எப்படி? நேரத்துக்குச் சாப்பிடு. இப்போதெல்லாம் போனிலேயே பேசலாம்தான். என் போனை இப்போது நான் யார் கையிலும் கொடுப்பதில்லை. உங்கண்ணனும் கேட்பதில்லை. ஆனாலும் இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வராது. நீ அவசரமாகக் கிளம்பிவிட்டதால் உனக்குத் தெரியாதவை சில உண்டு.

உன் கடிதத்தை நான் படித்தபோது உங்கண்ணன் பாதியில் எழுந்து போய்விட்டார். மாமா கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அத்தைதான் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அந்தப் பையன் பெயர் என்ன என்று கேட்டார்கள். மெதுவாகச் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

மோகனூருக்குக் கிளம்பும் அன்று காலையில் மாமா வேட்டி மாற்றினார். வாசல் வரை வந்தார். செருப்பைப் போட்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் அத்தையும் பஸ் ஏறினோம்.

நீயும் உன் மாமனாரும் ஆற்றுக்குள் இறங்கி நின்றபோது, இரண்டு அம்மாக்களும் படியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தைதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து பக்கத்தில் போனார்கள்.

"எம்மவள நல்லா வெச்சிருந்தானுங்களா, உங்க அன்பரசு?" என்று கேட்டார்கள்.

"வெச்சிருந்தானுங்க" என்றார் மயிலம்மாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு பேரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ கரையேறி வந்ததும் அத்தை உன் ஈரத் தலையைத் துவட்டி, வீட்டுக்கு வா சாமி என்று கூப்பிட்டதும், நீ முடியாது என்று தலையாட்டியதும் உனக்கே தெரியும். அத்தை வற்புறுத்தவில்லை. உன்மேல் வருத்தம் இல்லை என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னார்கள். வேலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கைகால் கழுவிக்கொண்டு வந்த பிறகு கேட்டார்.

"ஆத்துல தண்ணி போச்சா?"

அவர் கொடிக்கால் அதே ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. தினமும் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். இருந்தாலும் கேட்டார்.

"போச்சுங்க மாமா. நல்லாவே போச்சுங்க" என்றேன்.

சரி என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு, இருட்டும்வரை அங்கேயே நின்றார்.

கோகிலவாணி